தலைப்பாகையோடு அளந்த அறிவு பற்றி ஆம்பலூர்க் கடிகைக்கு விடுத்த ஓலை

மழை வழங்குக! ஏடு பெருகுக! இருகரை காத்த பொழில்நாடுடைய கோச்சேந்தன் விடுக்கும் ஓலை. ஆம்பலூர்க் கடிகைத் தலைவர் கூத்தநம்பியார்க்கும், அங்கே ஓதுவார்க்கும் ஓதுவிப்பார்க்கும் நலம் பெருகுக. யாமும் நலமே, நும் ஓலை படித்துச் சிரித்ததில் விலாதான் இன்னும் வலிக்கின்றது.

மலைநாட்டார் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர் என்றும், கரைநாட்டார் தலையினும் அவர் தலை சுற்றளவில் நான்கு விரற்கடை சிறிதென்றும் நும் ஆசான் விடங்கனார் அவையில் உரைத்ததும், மனம் நொந்த மலைநாட்டு மாணாக்கர் பதின்மர் ஏடுகளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும், கொற்றி என்னும் மலைநாட்டு மாணாக்கி மட்டும் நின்று, வாதுக்கு அழைக்கும் நாவற்கிளையை வாயிலில் நட்டதும் அறிந்தோம். ஆசான் முன் தலைப்பாகை களைதல் கரைநாட்டார்க்குப் பெரும்பிழை. தலை மறைத்தல் மலைநாட்டார்க்குப் பெரும்பிழை. ஆகவே ஒருசாராரைப் பாகையோடும் மறுசாராரை வெறுந்தலையோடும் அளந்து, துணியின் கனத்தை அறிவென்று ஆசான் எழுதிவைத்தார் என்பதை அவள் அவையில் காட்டினாளாமே! அன்றியும், தலையின் பருமனே அறிவாயின், நும் இருக்கை எம் பட்டத்து யானைக்கு அன்றோ உரியது?

ஆயினும் அப்பதின்மர் அழுதுகொண்டே மலையேறினர் என்று கேட்டு வருந்தினோம். விடங்கனாரை நாடு கடத்துக என்று நும்முள் பாதிப்பேரும், கிளையைப் பிடுங்கிக் கொற்றியை விலக்குக என்று மீதிப்பேரும் வேண்டுகின்றீர். இரண்டும் செய்யோம். பிழைபடப் பேசிய நாவை இன்று அடைத்துப் பழகினால், நாளை கொற்றியின் நாவை அடைக்கவும் எமக்குக் கை கூசாது. விடங்கனார் தம் இருக்கையில் இருக்க, எண்ணியதை உரைக்க, எதிர்வாதத்தை எழுந்து போகாமல் கேட்க. ஆயின் மலைநாட்டு மாணாக்கரின் தேர்வேடுகளை அவர் தொடற்க. சொல் அவருடையது, அப்பிள்ளைகளின் வாழ்வு அவருடையதன்று.

பதின்மரையும் அழைத்துவர எம் சிவிகைகள் புறப்பட்டன. வரும் முழுமதி நாள் காலையில், அனைவரும் வெறுந்தலையராய் நிற்க, மீண்டும் அளக்க. கயிறு பிடிப்பவள் கொற்றி. அளவை அவையில் படிப்பவர் விடங்கனார். பாகை களையக் கரைநாட்டார் கூசுவர் என்பது அறிவோம். ஆதலால் வரிசையில் முதல் தலை எம்முடையது.

இவை கோச்சேந்தன் எழுத்து. வேங்கைப்பூ இலச்சினை இட்டோம். இவ்வாணை வழுவாது செய்க. அன்று எம் வழுக்கை கண்டு சிரிப்பார் எவரையும் தண்டியற்க.