நுனி கிள்ளிய நாற்று

என் கண்ணே ராசு,

நீ போனபின் வந்த முதல் சம்பா இது. நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி உன் அக்காவுக்குப் பழக்கமில்லை. பயிர் கருகிக்கொண்டிருக்கிறது.

ஆற்றில் தண்ணீர் பிந்திப்போனதால் நாற்று நாற்றங்காலிலேயே முற்றி உயர்ந்துவிட்டது. உன் பெண்டாட்டி சுமதி என்ன செய்தாள் தெரியுமா? நீ செய்ததையேதான். நட்டபின் சாயாமல் நிற்கட்டும் என்று கட்டுக் கட்டாக நுனியைக் கிள்ளிப் போட்டாள். வேண்டாமென்று போனில் கத்தினேன். "அவரு கிள்ளித்தான் அண்ணி நடுவாரு. நான் மட்டும் மாத்துனா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

கிள்ளிய இடம் புண்தானே. பாக்டீரியாவுக்கு அது திறந்த வாசல். லீவு போட்டுவிட்டு திருக்காட்டுப்பள்ளி வந்து இறங்கினால், மடைப்பக்கம் பாதி வயல் இலை ஓரம் வெளுத்து வைக்கோலாக நிற்கிறது. ஓர் இலையை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். வெட்டுவாயிலிருந்து பால் கரைவது மாதிரி இறங்கியது. அத்தனையும் கிருமி. சுமதி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயிரு சும்மாவா இருக்கும், அண்ணி? ஒண்ணும் செய்யாதா?"

ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக நான் மாரடிக்கும் கேள்வி. சொன்னேன். செடிக்கு ரத்தமில்லை, ஓடிவந்து சண்டைபோட ஆளில்லை. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே காக்கவேண்டும். மேல்சவ்வில் நிற்கும் காவல் புரதங்கள் கிருமியை அடையாளம் கண்டு உள்ளே சேதி சொல்லும். கிருமி லேசுப்பட்டதா? தன் புரதத்தை செல்லுக்குள் செலுத்தி, செடியின் மரபணுவையே முடுக்கி, சர்க்கரையைக் கசியவைத்துத் தின்கிறது. சில நெல் ரகங்களில் அதற்கு ஒரு பொறி உண்டு. கிருமியின் புரதம் அந்தப் பொறியைத் தொட்டால் செல் தன்னையே கொன்றுகொள்ளும். அங்கே கொஞ்சம் சாகும், கிருமி அதோடு முடங்கும், பயிர் பிழைக்கும். நம் வயலில் நிற்கும் ரகத்துக்கு அந்தப் பொறி இல்லை.

சுமதி தம்ளரிலிருந்து இலையை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப அவரு அந்த வெரல எடுக்கச் சம்மதிச்சிருந்தா?"

உன் விரலைத்தான் கேட்கிறாள், ராசு. சேற்றில் நத்தை ஓடு கிழித்த கால் கட்டைவிரல். சர்க்கரை உடம்பு, சீழ் ஏறுகிறது, விரலை எடுத்தால் உயிர் தப்பும் என்றார் டாக்டர். நீ சொன்னாய்: "கட்டவெரல் இல்லாம சேத்துல எப்படிக்கா ஊணி நிப்பேன்?" நாங்கள் எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீ தலையாட்டுவதற்குள் கிருமி ரத்தமெல்லாம் பரவிவிட்டது. பாவி, ஒரு விரல்தானேடா!

நேற்று நிலக்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்தார். "பொங்கல் கழியட்டும், பேசிக்கலாம்" என்றார். இந்த சம்பா கைவிட்டால் குத்தகையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் உன் பிள்ளைக்கும் வேறு என்ன இருக்கிறது? தண்ணீரை வடித்து, யூரியாவை நிறுத்தியிருக்கிறோம். மேட்டுப்பக்கம் இன்னும் பச்சை இருக்கிறது. கதிர் பிடிக்குமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை சுமதி வரப்பில் விந்தி விந்தி நடந்து வந்தாள். குதிகாலில் வெட்டு. "ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா கீறல்" என்றாள். நீயும் முதலில் இதையேதான் சொன்னாய். நான் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. சேற்றுக் காலோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். வழியெல்லாம் திட்டினாள், ஊசி போடும்போது உன் பேரைச் சொல்லி அழுதாள்.

அடுத்த நடவு நமக்கு இருந்தால், நாற்று எவ்வளவு உயர்ந்தாலும் நுனியில் யார் நகமும் படாது. இல்லாவிட்டாலும் சுமதியின் காலை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளைக் கேட்காமலே.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் அக்கா