சொந்த உபயோகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே?

போன வருஷம் உன் மாடி அறைக்குக் குடிவந்த நர்ஸம்மா நல்ல மாதிரி. வேலைக்குப் போகும்போது "சாப்டீங்களா சார்?" என்று கேட்பார். சில நாட்களில் இந்த வீட்டில் என்னோடு பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

அந்த வாடகைக்கு வரிக் கணக்குக் காட்ட ஆடிட்டரிடம் போனேன். வீட்டில் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டால், அந்தப் பகுதிக்கு ஆன செலவைத்தான் கழிக்கலாமாம். வீடு முழுமைக்கும் கட்டிய வீட்டு வரியில் மாடி அறையின் பங்கு மட்டும். அப்படியானால் மாடிப்படி யார் கணக்கு, பதினாறு படியில் ஆளுக்கு எட்டா என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

அப்புறம் அவர் நிரப்பச் சொன்ன தாளில் ஒரு கட்டம். வருஷத்தில் எத்தனை நாள் அந்த அறை சொந்த உபயோகத்தில் இருந்தது? முப்பது என்று போட்டிருந்தேன். நீ லீவுக்கு வருகிற மாதம் நர்ஸம்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும், வாடகையும் கிடையாது என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. சொன்னபடி அவரும் போனார்.

"யாரு சார் தங்கினாங்க?" என்றார் ஆடிட்டர். மகள் என்றேன். "எப்ப வந்தாங்க?" என்றார். மெத்தை விரித்து, குட்டிக்கு ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருந்தேன் என்றேன். நீ வந்து நாலு வருஷம் ஆகிறது என்பதைச் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரும் தங்கலேன்னா அது சொந்த உபயோகம் இல்ல சார். காலி" என்றார்.

மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்த காலத்தில் பூட்டிய வீட்டுக்கு ஒருநாளும் நான் உத்தேசமாக எண் போட்டதில்லை. என் வீட்டுக்கே போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. முப்பதை அடித்துவிட்டு, காலி என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

உனக்கு வேலை, குட்டிக்குப் பள்ளிக்கூடம். தெரியாமல் இல்லை. கோபமும் இல்லை. கொஞ்சம் இருந்தது, எழுதும்போதே போய்விட்டது.

"இந்த வருஷமும் ரூமைக் காலி பண்ணணுமா சார்?" என்று நர்ஸம்மா தயங்கிக் கேட்டார். பண்ணணும்மா என்று சொல்லிவிட்டேன். முப்பது நாள் வேண்டாம் கண்ணு. அடுத்த தடவை அந்தக் கட்டத்தில் ஒன்று என்று பொய்யில்லாமல் எழுதினால் போதும்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். மாடி ஏறும்போது குட்டியின் கையைப் பிடித்துக்கொள். எட்டாவது படி கொஞ்சம் ஆடுகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா