குறி பார்க்கும் இடம்

பிப்ரவரி 3, திங்கள்

கலைச்சொல் குழுக் கூட்டம். காலையில் உட்கார்ந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் எழவில்லை. ஏரிப் புழுவால் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி மக்களுக்கு ஒரு துண்டறிக்கை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எந்த மரபணு விழிக்கும், எது தூங்கும் என்று பார்க்கிற எபிஜெனடிக்ஸுக்குத் தமிழ் வேண்டுமாம். ஒருவர் 'மேல்மரபியல்' என்றார். 'மேல் என்றால் கீழ் எது?' என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பொழுது போயிற்று. புழு பாட்டுக்கு அங்கே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மரபணு மேல் ஒட்டும் 'மார்க்'குக்கு நான் 'அடையாளம்' என்றேன். நீளமாம். இயக்குநர் 'குறி' என்று முடித்துவிட்டார். சின்னச் சொல், பலகையில் அடங்கும் என்றார். அதற்கு வேறு பொருள்களும் உண்டே சார் என்றேன். இரண்டு பேர் இருமினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

பிப்ரவரி 5

எளிய விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஏரித் தண்ணீரில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத புழு தோல் வழியாக உள்ளே போகிறது. வருடக்கணக்கில் தங்குகிறது. அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் புதைந்து புண்ணாக்குகின்றன. மரபணுவின் எழுத்து மாற வேண்டியதில்லை. எது வேலை செய்யலாம், எது தூங்கலாம் என்கிற சுவிட்சுகள் மாறினாலே போதும். செல்கள் கண்டபடி பெருகாமல் காவல் காக்கிற மரபணு அணைந்து போகலாம். வாடகைக்காரன் காலி செய்த பிறகும் அவன் அணைத்துவிட்டுப் போன சுவிட்சு அப்படியே கிடக்கிற மாதிரி. அந்த அடையாளத்தைச் சிறுநீரில் தேடுகிறோம்.

அடையாளத்தைக் 'குறி' ஆக்கினார்கள். வாடகைக்காரனை வெட்டிவிட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் மனம் புண்படுமாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி என்னைச் சமையலறையில் ஓரங்கட்டினாள். அவர் ஒண்ணுக்குப் போனால் சிவப்பாக இருக்கிறது என்றாள். கேட்டால் பீட்ரூட் என்கிறானாம்.

"நம்ம வீட்ல பீட்ரூட் வாங்கியே எத்தனை மாசமாச்சு."

அண்ணன் ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிறவன். படகின் அடியைச் சுரண்ட இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பான். இத்தனை வருடமாக நான் யாரைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்? இவனைப் பற்றித்தான். அவனோ வாசலில் உட்கார்ந்து மோட்டார் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடு என்றேன்.

"தங்கச்சி கையில மூத்திரத்தைக் குடுக்கறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

சிரித்தான். நான் கத்தினேன். அவனும் கத்தினான். பெரியாஸ்பத்திரிக்குப் போனவன் முழுசாகத் திரும்ப மாட்டான் என்று அவனுக்கு ஒரு முடிவு. சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். மடையன். இவன் செத்துப் போனா நான் என்ன பண்றது? பேப்பர் எழுதறதா?

பிப்ரவரி 14

துண்டறிக்கை அச்சாகி வந்து, படகுத்துறை முழுக்கக் கொடுத்தார்களாம். மாலையில் போய்ப் பார்த்தேன். கடலைக்காரர் அதில்தான் பொட்டலம் மடிக்கிறார். அண்ணன் கடலையைத் தின்றுவிட்டு என் விளக்கத்தில் கை துடைத்தான். நல்ல தாள் என்றான்.

பிப்ரவரி 17

பரிசோதனைக்கு வந்தவர் ஒருவர். அவரும் வழி கேட்க வந்தவர்.

பிப்ரவரி 20

நாளிதழில் செய்தி: 'ஆய்வகத்தில் குறி பார்க்கிறார்கள்! புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே சொல்கிறார் பெண் விஞ்ஞானி.' என் படம் வேறு. நான் கண்ணை மூடிய நேரத்தில் எடுத்த படம். அருள் வந்தவள் மாதிரியே இருக்கிறேன். நிருபரைக் குறை சொல்ல முடியாது. துண்டறிக்கையை முழுசாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான்.

காரசாரமாக ஒரு மறுப்பு எழுதினேன். அதை மறுப்புக் குழு பார்க்க வேண்டும் என்றார் இயக்குநர். அப்படி ஒரு குழு இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 22

வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை! காவலாளி கயிறு கட்டி ஒழுங்குபடுத்துகிறார். உள்ளே வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார். எதற்கு என்றேன். நம்பி வர்றாங்கம்மா என்றார்.

ஒரு அம்மா உள்ளங்கையை நீட்டினார். கை வேண்டாம், சிறுநீர் போதும் என்றேன். 'இது புது முறையா இருக்கே' என்று சந்தோஷமாகப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவருக்கு வீடு விற்குமா என்று தெரிய வேண்டும். அது இதில் தெரியாது என்றேன். சரி, உடம்பை மட்டுமாவது பாருங்கள் என்று விட்டுக்கொடுத்தார்.

எங்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து வந்த ஆட்களைவிட இன்று ஒரு நாளில் வந்தவர்கள் அதிகம். வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, தொலையட்டும்.

பிப்ரவரி 24

வரிசையில் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர். நடையிலேயே தெரிந்துவிட்டது. படகில் நடக்கிறவன் தரையிலும் காலை அகட்டித்தான் நடப்பான்.

நான் பெயர் கேட்கவில்லை. அவனும் யாரோ மாதிரி நின்றான். பாட்டிலை நீட்டினான். அது பீட்ரூட் இல்லை.

"நல்லதோ கெட்டதோ, உள்ளதைச் சொல்லும்மா. சின்னவ இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கல."

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க."

"அவ திட்டுவாளே."

"திட்ட மாட்டா."

தலையாட்டிவிட்டுப் போனான். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு அண்ணியிடம் கேட்டேன், எப்படி வந்தான் என்று. டாக்டர் கெட்டதை மட்டும் சொல்லுவார், குறி சொல்கிறவர்கள் பரிகாரமும் சொல்வார்கள் என்றானாம்.

மார்ச் 1

சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருக்கிறது. ஆனால் உள்தோலோடு நிற்கிறது, தசைக்குள் இறங்கவில்லை. தாமதித்திருந்தால் பையையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அண்ணன் என்னைத்தான் பார்த்தான். "பரிகாரம் என்னன்னு கேளு."

மார்ச் 8

கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. புழுவுக்கு மாத்திரை. விடாமல் பரிசோதனைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். எத்தனை படகுக்கு நான் சுரண்டியிருப்பேன், எனக்கு ஒரு நாள் சுரண்டினா என்ன என்கிறான். வாய் மட்டும் குறையவில்லை.

மார்ச் 11

மறுப்புக் குழு கண் திறந்தது. நாளிதழில் என் மறுப்பு: 'இங்கு குறி சொல்லப்படுவதில்லை. இது மூலக்கூறுப் பரிசோதனை மட்டுமே.' ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரி அலைச்சலில் எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 13

வாசலில் ஈ காக்கை இல்லை. காவலாளி கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார். நிறுவனத்தின் மானம் தப்பியது என்று இயக்குநர் எனக்குக் கை கொடுத்தார்.

மார்ச் 14

அண்ணனோடு படகில் வேலை செய்கிற ஒருவன் இந்த வாரம் வருவதாக இருந்தானாம். வரவில்லை.

"குறி இல்லையாம், வெறும் டெஸ்ட்டுதானாம், பேப்பர்லயே போட்டுட்டாங்கன்னு சொல்றான். அவனுக்கும் சிவப்பாத்தான் போகுது. பீட்ரூட்டாம்."

அண்ணன் சிரிக்கவில்லை. நானும்.

மார்ச் 17, திங்கள்

நேற்று அண்ணனைப் படகுக்குப் பேர் எழுதுகிற பெயிண்டோடு வரச் சொன்னேன். இன்று காலை ஆய்வக வாசலில் பலகை மாட்டியாகிவிட்டது. எழுத்து அண்ணனுடையது, சொல் குழுவுடையது: 'இங்கே குறி பார்க்கப்படும்.' இயக்குநர் மேலும் கீழும் பார்த்தார். தீர்மானத்தின் நகலைக் காட்டினேன். சொன்ன மாதிரியே பலகையில் அடங்கிவிட்டது சார் என்றேன்.

மதியம் காவலாளி மறுபடியும் கயிறு கட்டினார். வரிசையில் முதல் ஆள் பீட்ரூட்காரன். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான்.