ஆறு பெட்டிகளின் வட்டம்

மார்ச் 3
கிடங்குக்குக் கம்பியில்லாத் தொடர்பு அமைக்கும் வேலை எங்களுக்கு. நாற்பது ரேடியோப் பெட்டிகள். அருகருகே இருப்பவை ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் சேதியும் கெடும். யார் எப்போது பேசுவது என்று தீர்மானிக்க என் முறை இருக்கிறது. ஆறு வருட உழைப்பு. போட்டிக்கு, எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள் ஒரே வரியில் ஒரு முறை வைத்திருக்கிறாள்: சேதி அதிகம் தேங்கிய பெட்டி முதலில் பேசட்டும், பக்கத்துப் பெட்டிகள் வாயை மூடட்டும். பேருந்தில் ஏற முண்டியடிக்கும் கூட்டம்கூட இதைவிட யோசிக்கும். அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தேன்.

இருபதாம் தேதி சோதனை. தோற்றவர் கையேடு எழுதும் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார் இயக்குநர். அந்த அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல்கூட இல்லை. பாவம், அவள்.

மார்ச் 7
அவள் முறை சறுக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்! ஆறு பெட்டிகள் வட்டமாக நின்று, ஒவ்வொன்றும் இரு பக்கத்தாரை மட்டும் கெடுத்தால், சேதிகளும் நான் சொல்கிறபடி வந்தால், அனுப்பக்கூடிய சேதிகளில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். மனைவியிடம் படம் போட்டுக் காட்டினேன்.

"கிடங்குல அப்படி வட்டமா எங்கங்க இருக்கு?"

கணிதம் படிக்காதவர்களிடம் பேசுவது வீண்.

மார்ச் 12
கிடங்கைப் பார்த்தேன். மூன்று நீள நடைபாதைகள், சில கிளைகள். வட்டம் ஒன்றுகூட இல்லை. கட்டியவனுக்கு ரசனை போதாது.

மார்ச் 19
வட்டத்தை நானே உண்டாக்கினேன். காலி இரும்பு அலமாரிகள் இரண்டை ஆறு பெட்டிகளுக்கு நடுவில் தள்ளினால் எதிரெதிர்ப் பெட்டிகளுக்கு ஒன்றையொன்று கேட்காது, பக்கத்தாரை மட்டும்தான் கேட்கும். இது ஏமாற்று அல்ல, ஆய்வு. கிடங்குக் காவலர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"லாரி எப்படி சார் உள்ள வரும்?"

வரக் கூடாது என்றேன்.

மார்ச் 20
லாரி வந்திருக்கிறது. அலமாரிகள் பழைய இடத்தில்.

சோதனையில் அவள் முறைப்படி பேசிய பெட்டிகளில் ஒரு சேதிகூடத் தேங்கவில்லை. என் முறை ஒவ்வொரு முறையும் மிகச் சிறந்த விடையைத்தான் தந்தது. கணக்குப் போட்டுத் தருவதற்குள் நிலைமை மாறியிருந்தது.

"உங்க விடை சரிதான் சார். ஆனா அது போன நிமிஷத்துக்கான விடை" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 21
ஆறு வருஷம்— ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையா? சொன்னாங்களோ?

ஏப்ரல் 2
கையேட்டுப் பிரிவு. அவள் முறைக்குக் கையேடு எழுதச் சொன்னார்கள். என்னுடையதற்கு நூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். இது அரைப் பக்கத்தில் முடிந்தது. மதியம்வரை தேடினேன், சேர்க்க ஒன்றுமில்லை.

மீதி நேரத்தில் சுவரோரம் நின்ற அலமாரியை நகர்த்தினேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. காற்று வருகிறது. சுமாரான காற்று.