ஈரக் காலோடு வரும் விருந்தாளி

“ரீச்சர், கணக்குப் படிப்பிச்ச நீங்க, ஒண்டும் விளங்காத படத்தை என்னத்துக்குப் போய்ப் பாக்கிறீங்க?”

உன் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர், மட்டக்களப்பு நாவற்குடாவில் உன் வாசலில் வைத்து என்னிடம் கேட்ட கேள்வி. இன்று மதியம் அலுமாரியிலிருந்து உன் வெள்ளைத் திரையை எடுத்து உதறினேன். பூச்சிக்குப் போட்ட உருண்டைகளின் வாசம் மூக்கில் ஏறியது. கூடவே அவருடைய குரலும் வந்தது. அன்று அவருக்குப் பதில் சொன்னது நான் இல்லை. நீதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய்.

“எங்கட வாவியில மீன் பாடுது எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க எண்டைக்காவது கேட்டிரிக்கீங்களா?”

“கேக்கல்ல. ஆனா பாடுது.”

“அப்ப உள்ள வாங்க. படம் துவங்கப் போகுது.”

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதலாவதாக வந்து, காற்றாடிக்கு நேரே உள்ள கதிரையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

அந்த ஞாயிறு மதியங்களை நினைத்தால் முதலில் புழுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. வெளிச்சம் வராமல் யன்னல்களுக்கு உன் பழைய சேலைகளைக் குத்திவிடுவாய். காற்றும் வராது. உன் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சின்ன புரொஜெக்டர், ஆளுக்கொரு தேத்தண்ணி, நடுவில் ஒரு தட்டில் வறுத்த கச்சான் கடலை. திரை என்பது இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தது. நடுவில் தையல் ஓடும். எந்த நாட்டு முகமானாலும் நம் வீட்டுக்கு வந்தால் மூக்குக்கு மேலால் ஒரு தையலோடுதான் வரும்.

நீ காட்டிய படங்களை வேறு யாரும் எனக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். ஒரு படத்தில் ஊரில் எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது. அந்தக் கனவில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. காலையில் அவர் பாண் வாங்கப் போனால் கடைக்காரருக்கு அவரைத் தெரியவில்லை. இன்னொன்றில் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மீனாகிறார்கள். மணமகள் மட்டும் மனுசியாக நின்று பரிமாறுகிறாள். மீன்களும் குறை சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகின்றன. நம் பக்கத்துக் கலியாண வீடுகளை இந்தப் படத்தை எடுத்தவர் எங்கிருந்து பார்த்தார் என்று நாம் சிரித்தோம்.

நான் காரணம் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீ சித்திரம் படிப்பித்தவள். “கோழிக்கு மூணு கால் கீறின புள்ளைக்கு நான் பிழை போட்டதில்ல. அந்த மூணாவது கால் எங்க போகுது எண்டுதான் கேப்பன்” என்பாய். அந்தச் சொல்லை நான் என் பாடத்துக்கு மாற்றிக்கொண்டேன். கணக்கில் தெரியாத ஒன்றுக்கு ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு மேலே போவோம். அதன் பெறுமதி தெரியாமலே பல வரிகள் எழுதலாம், சுருக்கலாம், பக்கம் மாற்றலாம். கடைசி வரியில் விடை வர வேண்டும் என்று அடம்பிடிப்பது பரீட்சைக்காகத்தான். உன் படங்கள் கடைசி வரி இல்லாத கணக்குகள் என்று வைத்துக்கொண்டதும் எனக்கு அவற்றின் முன் உட்கார முடிந்தது.

தவமணிக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. உன் திரையைத் தைத்துக் கொடுத்தவள் அவள். குருக்கள்மடத்திலிருந்து பட்டணத்துக்குத் துணி வாங்க வருகிறவள், ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஞாயிறு தோறும் வந்தாள். மகள் தர்சினி நடை பழகிய வயதில், பட்டணத்துக்குப் போய்வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் போன அவளுடைய கணவர் திரும்பவில்லை. கேட்க வேண்டிய இடங்களிலெல்லாம் அவருடைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீ மெதடிஸ்த குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டு முறை ஒன்று உனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து அமுது கொடுப்போம். அமுது கொடுத்துவிட்டால் அவர் போனவர். அதற்குப் பிறகு யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. தவமணி அமுது கொடுக்கவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

இது தெரியாமல்தான் நீ அந்தப் படத்தைப் போட்டாய்.

கடலோரத்தில் ஒரு வீடு. பொழுதுபடும் நேரத்தில் மனைவி மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். கதவு திறக்கிறது. கணவன் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். எங்கே போனாய் என்று அவள் கேட்பதில்லை. சாப்பிட்டதும் எழுந்து போகிறான். அவனுடைய காலடி ஈரம் தரையில் காய்வது வரைக்கும் படம் நகராமல் நிற்கிறது. மறுநாளும் இதேதான். கடைசிப் பொழுதில் வருகிறவனுடைய உடுப்பு உலர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து அவள் அழுகிறாள். அத்தோடு முடிகிறது.

“அவன் செத்தவனா, உசிரோட இரிக்கானா?” என்று கேட்டார் தபாலதிபர்.

“உங்களுக்கு என்ன தோணிச்சு?” என்றாய்.

“எனக்கு அந்தச் சோறு ஆறிப்போகுதே எண்டுதான் இரிந்திச்சு.”

எல்லோரும் சிரித்தோம். தவமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து வெறும் வெள்ளையாகக் கிடந்த திரையை.

அடுத்து வந்தது அவளுடைய மச்சாள், காணாமல் போனவரின் அக்கா. அன்று நானும் உன் வீட்டில் இருந்தேன். நீ கதிரை இழுத்துப் போட்டாய். அவர் உட்காரவில்லை.

“பின்னேரம் பின்னேரம் அவள் சோறு போட்டு வைக்காள். கதவையும் திறந்து வைக்காள். கேட்டா உங்கட வீட்டுல படம் பாத்தன் எண்டு சொல்றாள்.”

“படம்தானே அக்கா” என்றாய் நீ, மெதுவாக.

“உங்களுக்குப் படம். உசிரோட இரிக்கிறவனுக்கு ஆள் இல்லாத நேரம் சோறு வைக்கிறதில்ல. செத்தவனுக்கு எண்டா முறையா அமுது குடுக்கணும். இது ரெண்டுமில்லாத கூத்து. தர்சினிக்கு மாப்பிள்ளை வந்திரிக்கு. நல்ல இடம். அவங்க ஒண்டே ஒண்டுதான் கேக்காங்க. கலியாணக் கார்ட்டில தகப்பன்ட பேருக்கு முன்னால அமரர் எண்டு போடுறதா, இல்லையா? அமுது குடுத்தா அது தீர்ந்துபோகும். என்ர தம்பி அவன். அவனுக்கு அமுது குடுக்க எனக்கு மட்டும் ஆசையா?”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். “படத்தைக் காட்டினது நீங்க. மறுகா நீங்களே போய் அவளுக்குச் சொல்லுங்க” என்று படியிறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு நீ யன்னலுக்குச் சேலை குத்தவில்லை. தபாலதிபர் வந்து, பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். “நான் அவளுக்குக் கெடுதி செஞ்சுபோட்டனா, புள்ள?” என்று என்னிடம் கேட்டாய். கெடுதி இல்லை என்று சொன்னேன். உன்னை ஆற்றச் சொன்னது அது. உனக்கும் அது தெரிந்தது.

இருவரும் பஸ் ஏறிக் குருக்கள்மடம் போனோம். வழி முழுக்க நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாய். தவமணி தையல் மெசினில் இருந்தாள். நீ தொடங்கும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

“மச்சாள் வந்தவவாக்கும். ரீச்சர், எனக்கு விசரில்ல. படம் படம்தான் எண்டு தெரியும். அமுது குடுத்தா அவரை நான் சாகக் குடுத்த மாதிரி. குடுக்காம இரிந்தா, இன்னும் வருவார் எண்டு நம்பிக்கிட்டு இரிக்காள் பாவி எண்டு சனம் சிரிக்கும். ரெண்டுக்கும் நடுவில நிக்க ஒரு இடம் ஒருத்தரும் எனக்குக் காட்டல்ல. அந்தப் பொம்புள நிக்காளே, தட்டை வச்சுக்கிட்டு. அது மாதிரி ஒரு இடம் இரிக்கு எண்டு கண்டன். அவ்வளவுதான்.”

“சோத்தை மறுகா என்ன செய்றாய்?” என்று நான் கேட்டேன். கணக்கு ரீச்சரின் கேள்வி.

“காலையில தண்ணி ஊத்தி நான்தான் தின்னுறன்.”

நீ சொல்ல வந்தது எதையும் சொல்லவில்லை. திரும்பி வரப் பஸ் ஏறினோம். பிறகு, “அவளுக்கு ஒரு இடம் கிடைச்சிரிக்கு. அதை நான் எப்பிடிப் பறிக்கிற? ஆனா அந்தப் புள்ளையிட கலியாணம்?” என்றாய்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நீ போனாய். மாரி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள், மழை விடுவதற்குள் போய்விட்டாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோதும், மூச்சு வாங்க, “கார்ட் அடிச்சாச்சா?” என்றுதான் கேட்டாய். அடிக்கவில்லை. இன்னும் அடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு காலம் என்று தெரியாது.

போன கிழமை தர்சினி என்னிடம் வந்தாள். பட்டணத்தில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சிரிக்காமல் பேசுகிற பிள்ளை. “அம்மாக்கிட்டச் சொல்லுங்க ரீச்சர். நீங்க சொன்னாக் கேப்பா” என்றாள். எதைச் சொல்வது? அமுது கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொடுக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. “நீ அந்தப் படத்தைப் பாத்திரிக்கிறயா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். “அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா” என்றேன்.

உன் மகன் உன் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தபோது புரொஜெக்டரும் திரையும் என்னிடம் வந்திருந்தன. இன்று மதியம் என் வீட்டு யன்னல்களுக்குச் சேலை குத்தினேன். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். படம் ஓடியது. நான் அவர்களையும் பார்க்காமல் படத்தையும் பார்க்காமல் கச்சானை உரித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் தர்சினி கேட்டாள்.

“இதில ஒரு சின்னப் புள்ள இரிக்கே. அவளைப் பத்தி நீங்க ஒருத்தரும் ஒண்டும் கதைக்கல்லையா?”

எந்தப் பிள்ளை என்று நான் கேட்டேன். நிச்சயமாகக் கேட்டேன். அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்தவள் நான். உனக்கு எழுதும் இந்த மடலிலும் மேலே அந்தப் படத்தை முழுதாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். அதில் பிள்ளை இல்லை.

“முதல்ல இரிந்து போடுங்க ரீச்சர்” என்றாள் தவமணி.

போட்டேன். மேசையின் ஓரத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள். முதல் நாள் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறாள். அவன் கறிக்குக் கை நீட்டும்போது அவளுடைய சோற்றில் தண்ணீர் சொட்டுகிறது. அவள் ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் கதிரை கொஞ்சம் தள்ளியிருக்கிறது. அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளி. பிறகு அடுப்படிக் குசினி வாசலில் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள். உடுப்பு உலர்ந்து அவன் வருகிற அந்தக் கடைசிப் பொழுதில் அவள் எங்கேயும் இல்லை. தாய் அழுவது உலர்ந்த உடுப்பைப் பார்த்து என்றுதான் நானும் நீயும் நினைத்திருந்தோம். இன்று பார்த்தால் அவளுடைய கண் நிற்பது அந்தக் குசினி வாசலில்.

தவமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ இப்ப வேலையில சாப்பிட்டுட்டு வாறன் எண்டு சொல்றது, அதுக்காகவா மனே?”

தர்சினி தலையை ஆட்டினாள்.

“அமுது நான் குடுக்கமாட்டன். அது என்னால ஏலா. ஆனா கார்ட்டில என்ன போடுற எண்டு இனி நான் சொல்லல்ல. மச்சாளும் சொல்ல வேணாம். நீ சொல்லு.”

“எனக்கும் தெரியாதம்மா” என்றாள் அவள்.

அவ்வளவுதான். அணைத்துக்கொள்ளவில்லை, அழவில்லை. சேலைகளைக் கழற்ற இருவரும் எனக்கு உதவினார்கள். பிறகு ஒரே பஸ்ஸில் போனார்கள். இன்று பின்னேரம் அந்த வீட்டில் எத்தனை தட்டு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் போகும் என்றும் தெரியாது. நீ செய்தது கெடுதியா என்ற உன் கேள்விக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை. தாய்க்கு நிற்க இடம் கொடுத்த படம், பிள்ளையைக் குசினி வாசலுக்குத் தள்ளியது. அந்த இரண்டையும் அதே படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நாம் ஒன்றைப் பார்த்தோம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கலக்கம்தான். அதை நான் சுமக்கிறேன், இறக்கி வைக்கும் எண்ணமில்லை.

இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். விளங்காத படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பார்த்ததும் அதை மறுபடி முதலிலிருந்து போட்டு, நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கிற ஒருவரை மட்டும் முடியும் வரை பாருங்கள்.