எல்லா அறைக்கும் ஒரே வெள்ளை

சாய்ந்தமருது
வியாழக்கிழமை

அன்பு மகள் றிப்னாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் என் பேத்தி மின்ஹாவும் கத்தாரில் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் சொல் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், மருமகன் பக்கத்தில் இருந்து இருமுவது எனக்கு இங்கே கேட்கிறது, பிறகு நான் எதைக் கதைப்பது? பக்கத்து வீட்டு ஹப்ஸா தன் மகனிடம் தோஹாவுக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவளையும் முழுக்க நம்பவில்லை, உறையை ஒட்டி அதற்கு மேல் டேப்பும் போட்டிருக்கிறேன், பிரிந்திருந்தால் சொல்.

விஷயம் வீட்டுக்கு பெயின்ட் அடிப்பதுதான். மருமகன் நஸ்மீர் போன மாதம் திடீரென்று உள்ளும் புறமும் அடிக்க வேண்டும் என்று சொல்லி, வீரமுனையில் இருந்து பிரகாஸ் என்ற பெயின்ட்காரனை அவரே ஒழுங்கு செய்து அனுப்பினார். நோன்பும் இல்லை, பெருநாளும் இல்லை, கலியாணமும் இல்லை. நம் ஊரில் காரணமில்லாமல் யார் சுவருக்குத் தீந்தை பூசுகிறார்கள்? ஏணியைச் சாத்திய அன்றே ஹப்ஸா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா ஆசியா, கலியாணமா, ஆருக்கு?" என்று கேட்டாள். வீட்டில் கட்டிக்கொடுக்கக் குமர் இல்லை, இருப்பது நான் ஒருத்தி, இந்த வயதில் எனக்கா என்று சிரித்து அனுப்பினேன், ஆனால் அவள் கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை போய்விட்டது. மருமகன் சொன்ன கலரைக் கேள், வெளியே சாம்பல், உள்ளே எல்லா அறைக்கும் ஒரே வெள்ளை, அடுப்புப் புகை பிடிக்கிற குசினிக்கும் வெள்ளை. குடியிருக்கப் போகிற மனிதன் குசினிக்கு வெள்ளை கேட்பானா? ஆட்கள் இருக்கிற வீட்டில் அறைக்கு ஒரு கலர் இருக்கும், ஒருத்தி றோஸ் வேண்டும் என்று சண்டை பிடிப்பாள், மற்றவள் பச்சை என்பாள், கடைசியில் கடைக்காரன் கலக்கித் தந்தது இரண்டுமாக இருக்காது. உப்புக்காற்று கிழக்குச் சுவரை உரித்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு எந்த பெயின்ட் தாங்கும் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. நான் சும்மா இருப்பேனா, கல்முனைக்குப் போய்க் கலர் அட்டை எடுத்து வந்து, பின்சுவரில் பச்சையில் சில வகையைப் பூசச் சொல்லி, காலையிலும் உச்சி வெயிலிலும் மஃரிபுக்கும் நின்று பார்த்தேன். அட்டையில் பிஸ்தா, சுவரில் பாசி. ஆனாலும் ஒரு பச்சை நன்றாக வந்தது, போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். "வெள்ளையே இருக்கட்டும் மாமி, எல்லாருக்கும் புடிக்கும்" என்று பதில் வந்தது. எல்லாருக்கும் என்றால் எவருக்கு?

மறுநாளே காணித் தரகர் அப்துல் ஸமட் கேற்றடியில் வந்து நிற்கிறார். தண்ணி கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, கிணற்றடி வரைக்கும் கண்ணாலேயே அளந்துபோட்டு, "நல்ல இடம் ராத்தா, கடலும் கிட்ட, றோட்டும் கிட்ட" என்கிறார். பூனை மீன்சட்டியைப் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? மகள், மூடி மறைக்காமல் சொல்கிறேன், உன் புருஷன் உனக்குத் தெரியாமல் இந்த வீட்டை விற்கப் பார்க்கிறார். நானும் உன் வாப்பாவும் கட்டி, உன் கலியாணத்துக்கு உன் பெயரில் எழுதித் தந்த வீடு. மகளுக்கு வீடு கொடுத்த பிறகு தாய்க்கு அதில் ஒரு மூலைதான், அது ஊர் வழக்கம், அந்த மூலையில்தான் நான் இருக்கிறேன். வாப்பா மௌத்தான பிறகு எனக்கு வேறு கூரை இல்லை. உன் கையெழுத்து இல்லாமல் அவரால் விற்க முடியாது, ஆகையால் எந்தக் கடதாசியை நீட்டினாலும் வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையைத் தொடு. அவர் நல்ல மனிதர், தொழுகையாளி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ் மேல் பாரத்தைப் போடச் சொல்லியிருக்கிறது.

சனிக்கிழமை

மேலே எழுதியதைக் கிழிக்கத்தான் நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன், அதையும் வாசி. நேற்றுப் பின்னேரம் பிரகாஸோடு வாய்த்தர்க்கப்பட்டேன். சாம்பலில் தண்ணியைக் கூட்டிக் கலக்கிறாய், வெள்ளையையும் நீதான் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய் என்று பிடித்துக்கொண்டேன். பாவம், அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எண்ட கையில என்ன இருக்கு உம்மா, அவர் அனுப்பின வொய்சக் கேளுங்க" என்று போனைத் திறந்து காட்டினான். மருமகன்தான், வெளியே சாம்பல், உள்ளே வெள்ளை, கெதியாக முடியுங்கள் என்று சொல்கிறார். அவர் சொல்லி முடிய, பின்னால் ஒரு பெண் குரல், "உம்மாக்கு இப்ப ஒண்டும் சொல்ல வேணாம் எண்டு சொல்லுங்க" என்றது. பிரகாஸ் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொரு தரம் போடு என்று நான் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையின் குரலை இரண்டு தரம் கேட்க வேண்டுமா?

மருமகனிடம் நான் மாப்புக் கேட்டதாகச் சொல். அவரைச் சந்தேகப்படுவது எனக்கு லேசாக இருந்தது, உன் பக்கம் என் நினைப்பு ஒரு தரமும் போகவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் பொய், கோபம் இருக்கிறது, அதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. வீடு உன்னுடையது, விற்பது உன் ஹக், உனக்குள்ள உரிமை, அங்கே உங்களுக்கு என்ன நெருக்கடியோ எனக்குத் தெரியாது. ஆனால் என்னை எங்கே இருத்துவது என்று யோசித்தாயா, யோசித்து ஒரு வழியும் தெரியாமல்தான் ஒளித்தாயா? வேலையை நிறுத்திவிட்டேன். முன்சுவர் பாதி சாம்பலும் பாதி பழைய பச்சையுமாக நிற்கிறது, றோட்டால் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நீ திரும்பி வந்து இருக்கப் போகிறாய் என்றால் உனக்குப் பிடித்த கலரைச் சொல், எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே அடிப்பேன். விற்கப் போகிறாய் என்றால் அந்த வெள்ளையையே அடித்து, கூட்டித் துடைத்து, பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுப்பேன். எதுவானாலும் நீ சொல், மருமகனைக் கொண்டு சொல்விக்காதே.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் சுகத்தையும் பறக்கத்தையும் தரட்டும், உன் நெஞ்சில் இருக்கிற பாரத்தை இறக்கி வைக்கட்டும். ஹப்ஸா கொண்டுவரும் பொதியில் ஒலுவிலில் வாங்கிய நெத்தலிக் கருவாடு இருக்கிறது, ஒரு தரம் வெயிலில் போட்டு எடு. மின்ஹாவுக்கு என் முத்தம்.

உன் வீட்டில் இருக்கும்
உன் உம்மா
ஆசியா