காஸ் விலை இறங்கும் என்று சொன்ன மச்சானுக்கு

அன்பு மச்சான் சபேசா,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருசம். காலையில் வானொலியில் உனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது உனக்குக் கிடைத்தது அரை மணிதான். பின்னேரம் மண்டபத்தில் சாப்பாடு, கூடவே நினைவு மலர். மலரில் நான் எழுத வேண்டும் என்று கேட்டு, 'அமெரிக்கா சபேசன்: ஓர் அரசியல் ஆய்வாளரின் பயணம்' என்று தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். நீ அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

கட்டுரை எழுதத்தான் இருந்தேன், மச்சான். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். உன்னைப் புகழ்ந்து எழுத எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்தானே? நீ இருந்தபோதே வரவில்லை.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். சபேசன் என் தங்கை வதனியின் கணவன், தபால் பிரிக்கும் வேலை செய்தவன். நான் குலம். வீடுகளைச் சூடாக்குகிற காஸ் பொயிலர் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கிற சின்ன வானொலியில், ஞாயிறு காலைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து அமெரிக்க அரசியல் நிகழ்ச்சி ஒன்று செய்தோம். 'நாங்கள் இருவரும்' என்று சொல்வது நான் மட்டும்தான். நேயர்களைக் கேட்டால் சபேசன் செய்தார் என்பார்கள்.

முதலில் உனக்குப் புதினம் சொல்கிறேன். அமெரிக்காவில் இப்போது எதற்கெடுத்தாலும் தேசியப் பாதுகாப்புத்தான். எண்ணெய் தோண்டுவதும் பாதுகாப்புக்காக, கடலில் காற்றாலை கட்டுவதை நிறுத்துவதும் பாதுகாப்புக்காக. இறக்குமதிக்கு வரி போட்டாலும் அதே காரணம், கிரீன்லாந்து வேண்டும் என்று கேட்டாலும் அதே காரணம். கணினிக் கூடங்களுக்கு மின்சாரம் போதாதென்று, மூட இருந்த நிலக்கரி நிலையங்களை மூட வேண்டாம் என்கிறார்கள். எதிர்க்கட்சி கத்துகிறது. ஆனால் அவர்கள் ஆட்சியில் இருந்தபோதும் காஸ் ஏற்றுகிற கப்பல்கள் போய்க்கொண்டுதானே இருந்தன?

இதையெல்லாம் போன கிழமை நிகழ்ச்சியில் ஒன்றும் விடாமல் விளக்கினேன். இப்போது உன் கதிரையில் நான்தான் இருக்கிறேன். பேசி முடித்து லைனைத் திறந்தால், ஹரோவிலிருந்து ஒருவர் முதலாவதாக வந்தார்.

"எல்லாம் சரி அண்ணை. சபேசண்ணை இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பார்?"

"தெரியாது தம்பி."

"ஏதும் பகிடியாச் சொல்லியிருப்பார், என்ன?" என்று கேட்டுவிட்டு, நீ சொல்லாத பகிடிக்கு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு போனை வைத்துவிட்டார். நான் விளக்கியதில் ஒரு சொல்லைப் பற்றியாவது கேட்டாரா? இல்லை.

எனக்குப் பொறாமை, மச்சான். செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? நான் அப்படித்தான் இருக்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக் குசினி மேசையில் எங்கள் வேலை நடக்கும். ஆங்கிலப் பத்திரிகைகளை வாசித்துக் குறிப்பு எடுப்பது நான். அதை உன் பாணியில் தமிழில் எழுதுவது நீ. எழுதியதைக் கடைசியாகப் பார்த்துப் பிழை திருத்துவது மறுபடியும் நான். காஸைக் குளிராக்கித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி வருகிற விதத்தை விளங்கிக்கொள்ள நான் மூன்று பின்னேரம் செலவழித்தேன், நாலு பக்கம் எழுதித் தந்தேன். நீ மைக்குக்கு முன்னால் இருந்து, "அமெரிக்கன் காஸைத் தண்ணியாக்கி அனுப்புறான், நாங்கள் அதைத் திருப்பிக் காஸாக்கித் தோசை சுடுறம்" என்றாய். லண்டன் முழுக்க அந்த ஒரு வசனத்தைத்தான் சொல்லித் திரிந்தது. அடுப்பைப் பற்றவைக்கவே வதனியைக் கூப்பிடுகிற மனிதன் நீ. காஸைப் பற்றி ஊருக்குச் சொல்ல நீயா, முப்பது வருசம் காஸ் குழாயோடு கிடந்த நானா?

ஊர் உனக்கு 'அமெரிக்கா சபேசன்' என்று பட்டம் வைத்தது. எனக்கும் ஒன்று வைத்தது, 'பொயிலர் குலம்'. ஒரு தடவை கோயில் மண்டபத்தில் உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், நினைவிருக்கிறதா? நான் பக்கத்தில் வந்து நின்றேன். படம் எடுத்தவர், "அண்ணை, கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ, நீங்கள் படத்துக்குள்ள விழுறியள்" என்றார். தள்ளினேன். உன் ஜாக்கெட் அப்போது என் கையில் இருந்தது. வீட்டுக்குப் போகும்போது ரயிலில் நீ அந்தப் பொன்னாடையை என் மடியில் போட்டு, "இது உனக்கும் சேர்த்துத்தான்டா" என்றாய். அது எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை நடந்ததைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் தேர்தல் பேச்சுச் சூடாக இருந்த காலம். மேடையில் ஏறிய ஒருவர், தான் வந்தால் காஸ் விலையை இறக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பத்திரிகையில் இருந்தபடியே ஆங்கிலத்தில் குறிப்பு எடுத்துத் தந்தேன். நீ அதை, "காஸ் விலை இறங்கப்போகுது, அங்க இறங்கினா இங்கயும் இறங்கத்தானே வேணும், அங்கயிருந்துதானே கப்பல் வருது" என்று எழுதினாய். கடைசிப் பார்வைக்கு அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

அமெரிக்கன் காஸ் என்று சொல்வது பெற்றோலை. அது எனக்குத் தெரியும். கனடாவில் இருக்கிற எங்கள் பெரியம்மாவின் மகன் போனில், "காஸ் அடிச்சிட்டு வாறன்" என்று சொன்னபோது, காருக்கு ஏன் காஸ் என்று நான் கேட்டு, அவன் சிரித்து, நானும் சிரித்திருக்கிறேன். இங்கே எங்கள் சனத்துக்குக் காஸ் என்றால் அடுப்பும் ஹீற்றிங்கும்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பேனை என் கையில் இருந்தது. ஒரு சொல்லை வெட்டிப் பெற்றோல் என்று போட்டால் முடிந்தது.

நான் பேனையை மூடி வைத்தேன், மச்சான். ஒருக்காலாவது நீ சனத்துக்கு முன்னால் பிழைவிட வேண்டும், ஒருக்காலாவது யாராவது உன்னை மடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "சரியோ?" என்று கேட்டாய். "சரி" என்றேன். ஞாயிறு காலை நீ வாசித்தாய். யாரும் மடக்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள்.

மாரிக் குளிர் தொடங்கியதும், வருசாவருசம் பார்க்கிற பொயிலர் சேர்விஸுக்காக நோர்பரியில் புவனேஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு கிழமையும் தவறாமல் போன் எடுப்பவர், தனியாக இருப்பவர். கதவைத் திறந்தபோது வீட்டுக்குள்ளே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். சுவரில் சூடு தருகிற ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்தது.

"அக்கா, பொயிலர் நிண்டுபோச்சோ?"

"இல்லைத் தம்பி, நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கிறன். காஸ் இப்ப சரியான விலையெல்லே. கொம்பனிக்காரர் விலை ஏறினாலும் ஒரு வருசத்துக்கு ஒரே விலைக்குத் தாறம், கையெழுத்துப் போடுங்கோ எண்டு கடிதம் போட்டவை. நான் போடேல்லை. இறங்கும் எண்டு சபேசன் சொன்னவர்தானே."

"எப்ப தொடக்கம் இப்பிடி இருக்கிறியள்?"

"குளிர் வந்த நாள் தொடக்கம். அது பரவாயில்லை, குசினிக்குள்ள இருந்தால் சமாளிக்கலாம். நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ."

தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது அவரது விரல்கள் வெளுத்திருந்தன. உண்மையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? பொயிலரைப் போட்டுவிட்டு, "விலை இறங்காதாம் அக்கா, இனி நிப்பாட்டாதையுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பின்னேரம் உன்னிடம் வந்து, எதையோ அப்போதுதான் கண்டுபிடித்தவன் மாதிரி, "மச்சான், ஒரு பிழை நடந்திட்டுது" என்றேன். புவனேஸ் அக்காவைப் பற்றிச் சொன்னேன். நீ அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். அடுத்த ஞாயிறு நீ மைக்கில் சொன்னது எனக்கு இன்னும் பாடம்: "காஸ் எண்டு நான் சொன்னது பெற்றோல். பிழை என்ரை. என்னை நம்பி ஆரும் ஹீற்றிங்கை நிப்பாட்டியிருந்தால், தயவுசெய்து இப்பவே போடுங்கோ." 'எங்கட பிழை' என்றுகூட நீ சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நேரே நோர்பரிக்குப் போய், கொம்பனியோடு போனில் மல்லுக்கட்டி, அந்த மனுசிக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாய்.

நீ மைக்கில் அப்படிச் சொன்னதும் என்ன நடந்தது? அன்றைக்கு வந்த அழைப்புகளை எல்லாம் எடுத்துப் போட்டது நான்தான். "பிழையை ஒத்துக்கொள்ளுறதுக்கும் ஒரு மனம் வேணும் அண்ணை" என்றார் ஒருவர். "இப்பிடி ஒரு மனிசனை எந்த அரசியல்வாதியிட்டக் காணலாம்?" என்றார் இன்னொருவர். புவனேஸ் அக்காவே வந்து, "தம்பி சபேசன், நீங்கள் கவலைப்படாதையுங்கோ" என்று உன்னைத் தேற்றினார். நான் வெட்டிய குழியில் உனக்குச் சிம்மாசனம் போட்டார்கள். பொத்தானை அமத்தி அமத்தி அடுத்த ஆளை எடுத்துக்கொண்டே நான் உன்னை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா?

போன கிழமை வதனி வந்திருந்தாள். ஞாயிறு நிகழ்ச்சிக்கு என்ன சொல்லலாம் என்று இருவரும் யோசித்தோம்.

"அந்தக் காஸ் கதையைச் சொல்லுங்கோ அண்ணா. அவர் விட்ட ஒரே பிழை அதுதானே. சனம் சிரிக்கும்."

அவள் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே, "அண்டைக்கு நான் அவரோட சண்டை பிடிச்சனான், தெரியுமோ? அண்ணா கடைசியாப் பாத்ததுதானே, ஏன் உங்கட தலையில மட்டும் போடுறியள் எண்டு கேட்டன்" என்றாள்.

"அவன் என்ன சொன்னவன்?"

"'குலம் பாத்தவன்தான், எனக்குத் தெரியும். நாள் முழுக்க வேலை செய்திட்டு வந்த மனிசன், கண் தவறியிருக்கும். அவன்ரை பேரை இழுக்காதை' எண்டவர்."

கண் தவறியதா, மச்சான்? நீ உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாயா? அந்தத் தாளை நான் வழமையைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்ததை நீ பார்த்துக்கொண்டு இருந்தாயே. தெரிந்துகொண்டுதான் வதனிக்கு அப்படிச் சொன்னாயா? அதற்குப் பிறகும் எத்தனை சனிக்கிழமை அதே மேசைக்கு வந்தாய், எழுதியதை நீட்டி "சரியோ?" என்று கேட்டாய். ஒரு தடவைகூட உன் குரலில் ஒரு மாற்றத்தையும் நான் காணவில்லை. கேட்டுத் தெளிய நீ இல்லை. அதுவும் உனக்கு வசதியாகப் போயிற்று.

இந்தக் கடிதத்தை இன்றைக்கு அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். மலர் கைக்கு வருவது ஞாயிறு பின்னேரம். அச்சடித்த பிறகு நான் பின்வாங்க ஏலாது, அதற்காகத்தான் எழுதினேன். சனிக்கிழமை நோர்பரிக்குப் போவேன். புவனேஸ் அக்காவுக்கு முன்னால் இருந்து, நான் கண்டும் திருத்தாமல் விட்டேன், சபேசன் மேல் இருந்த எரிச்சலில் விட்டேன், அந்தக் குளிரை உங்களுக்குத் தந்தவன் நான் என்று சொல்வேன். அவர் கதவைக் காட்டினால் எழும்பிப் போவேன். ஞாயிறு காலை அதையே, நீ வதனியிடம் சொன்னதையும் சேர்த்து, மைக்கில் சொல்வேன். வதனியும் அப்போதுதான் கேட்பாள். உன் கதிரை அதோடு போனால் போகட்டும்.

இது உனக்கு நான் தருகிற வாக்கு. ஆனால் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். லைன் எல்லாம் நிறையும். என்னைத் திட்டக்கூட ஒருவருக்கும் நேரம் இருக்காது. "தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே, என்ன மனிசன் அந்தாள்" என்று உன்னைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் செய்த கேவலத்துக்கும் கைதட்டு உனக்குத்தான் விழும். அழைப்புகளை எடுத்துப் போடப் போவது நான்தான். ஒன்றையும் வெட்டாமல் எல்லாவற்றையும் போடுவேன், மச்சான்.

இப்போதும் எரிச்சல் தீராத,
உன் பெண்சாதியின் அண்ணன்,
குலம்